ரவுண்டு பாட்டில்

ஜூன் 2, திங்கள். சென்னை

நாளை காலை ரவுண்டு கிளம்புகிறேன். இருபத்தேழு வருஷத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று.

பீர் ஆலை, ஒயின் ஆலை எங்கே போனாலும் லேப் என்று ஒரு அறை இருக்கும். அங்கே ஆல்கஹால் மீட்டர் என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். சரக்கில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று அது சொல்வது உண்மைதானா என்று பார்த்து, பிசகினால் திருத்தி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுதான் பூவராகனாகிய என் பிழைப்பு. வாயில் ஒரு சொட்டு வைக்காதவனுக்கு எப்படிப்பட்ட உத்தியோகம் பார் என்று என் மனைவி சுலோசனாவின் அண்ணன் இன்னும் கேலி செய்வார்.

இந்த முறை ஆறு இடம். பாண்டிச்சேரி, விழுப்புரம், திருச்சி, கம்பம், கோயம்புத்தூர், ஓசூர். பெட்டியில் எல்லாம் அடுக்கிவிட்டேன். பீருக்கு ஸ்டாண்டர்ட் பாட்டில் ஒன்று, சரியாக ஐந்து சதவீதம். ஒயினுக்கு ஒன்று, பன்னிரண்டு சதவீதம். இவற்றை வைத்துத்தான் மீட்டரைச் சோதிப்பது. ஐந்தை ஐந்து என்று சொன்னால் மீட்டர் யோக்கியம்.

ஒவ்வொரு ஆலையிலும் புது பாட்டில் எடுத்து, அவர்கள் கண்ணெதிரே சீல் உடைக்க வேண்டும் என்று விதி. யாரும் செய்வதில்லை. ஒரு பாட்டிலை உடைத்து ரவுண்டு முழுக்க ஓட்டுவோம். ரவுண்டு பாட்டில் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒரு வருஷம் பாட்டில் வரத்து தாமதமானபோது நான்தான் ஆரம்பித்து வைத்தேன். பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவசரத்துக்குச் சீல் உடைக்காத ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கும்.

மேலதிகாரி மதுசூதனன் சார் கூப்பிட்டுச் சொன்னார். தலைமை ஆபீஸ் லேபுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். இந்த ரவுண்டு ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் ஜூலை ஒன்றாம் தேதி முதல் அந்த நாற்காலி எனக்கு. இடது முட்டி அதைக் கேட்டுவிட்டு இன்றைக்குக் கொஞ்சம் குறைவாக வலிக்கிறது.

ஜூன் 3, செவ்வாய். பாண்டிச்சேரி

சீல் உடைத்தேன். முதலில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்ப்பது வழக்கம், அதில் ஆல்கஹால் பூஜ்யம் என்று வர வேண்டும். தண்ணீர் சரி. ஸ்டாண்டர்ட் 5.00, 5.00, 4.99. பச்சை ஸ்டிக்கர். மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு, உப்பு தூக்கல்.

ஜூன் 4, புதன்

விழுப்புரம் வரும் வழியில் மாட்டு வண்டி குறுக்கே வந்ததால் டிரைவர் போட்ட பிரேக்கில் மேல் தட்டிலிருந்து பெட்டி விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. திறந்து பார்த்தேன், கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. பீருக்கான ரவுண்டு பாட்டிலின் மூடியில் மட்டும் மயிரிழைக் கீறல். கரண்ட் வேலைக்காரர்கள் சுற்றும் கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன். விழுப்புரம்

தண்ணீர் சரி. ஸ்டாண்டர்ட் 4.96. கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. ஐந்துக்குத் திருத்தினேன். இங்கே லேபில் யாரும் மீட்டரைத் துடைப்பதுகூட இல்லை. சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

திருச்சி பஸ். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கக் குனிந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்ன பெரியவரே, காலங்காத்தாலேயேவா?" என்றார். பக்கத்து சீட் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். பெட்டியைக் காலடியில் தள்ளிக்கொண்டேன். ஐம்பத்து நாலு வயதில் இந்தப் பெயரும் வாங்கியாயிற்று. லேப் லேபாகப் போகிறவன் மேல் வாடை ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

ஜூன் 8, ஞாயிறு. திருச்சி

சனி, ஞாயிறு லாட்ஜிலேயே போயிற்று. மொட்டை மாடி அறை, மேலே தகரம். மின்விசிறி அனலைத்தான் சுற்றி விடுகிறது. பெட்டியை வைக்க வேறு இடமில்லாமல் பரண் மேல் ஏற்றினேன்.

சுலோசனா போன் செய்தாள். எவர்சில்வரில் இரண்டடுக்கு டிபன் பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து ஆபீஸ் அனுப்பியதே இல்லையே, ஜூலையிலிருந்து அனுப்பப் போகிறேன் என்றாள். இன்னும் நாற்காலி வரவில்லை, அதற்குள் டிபன் பாக்ஸா என்று கேட்டேன். வரும் என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதிவிட்டால்தான் என்ன?

ஜூன் 9, திங்கள். மணப்பாறை ரோடு

திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது ஆலை. லேபுக்குப் பொறுப்பு ஜெசிந்தா. நாற்பதை நெருங்கும் பெண்மணி, பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறாள். அறை கோயில் போல இருக்கும். மீட்டருக்குத் தைத்துப் போட்ட உறைகூட உண்டு.

தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கடைசி எண் வரைக்கும் சரி. ஸ்டாண்டர்ட் விட்டேன். 4.88. மறுபடி விட்டேன், 4.88. மூன்றாவதும் அதேதான்.

உங்கள் மீட்டர் பன்னிரண்டு புள்ளி குறைத்துக் காட்டுகிறதே என்றேன். அவள் நம்பவில்லை. தண்ணீரைத் திரும்ப விட்டுக் காட்டினாள்.

"தண்ணி கரெக்டா காட்டுது சார். மெஷின் கெட்டிருந்தா தண்ணிலயும் தெரியணும்ல? இதுல மட்டும் எப்படிக் குறையும்?"

ஆல்கஹாலைப் பார்க்கும் கண் வேறு, அதுவும் தேயும் என்று விளக்கினேன். அவள் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி மானியை எடுத்து வந்தாள். பால்காரர் பாலில் மிதக்க விடுவது மாதிரி, மிதந்து அளவு காட்டுவது. பீரைக் காய்ச்சி வடித்து, அதில் மிதக்க விட்டு வாராவாரம் பார்க்கிறாளாம். மீட்டரும் மானியும் ஒத்துப்போகின்றன என்று ஒரு நோட்டை நீட்டினாள். இத்தனை பெரிய மெஷினை விட்டுவிட்டு இந்தக் குச்சியை நம்பச் சொல்கிறாயா என்று சிரித்துவிட்டேன். நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை.

அப்போது கேட்டாள்.

"சார், ஒரு பாட்டில் புதுசா உடைச்சுப் பாருங்க சார். அரை மணி நேரம்தான் ஆகும்."

மணி இரண்டே முக்கால். மூன்று பத்துக்கு மெயின் ரோட்டில் திண்டுக்கல் பஸ். முட்டி விண்ணென்று தெறித்தது. இருக்கிற ஒரே பாட்டிலை இவளுக்காக உடைத்தால் நடுவழியில் வேறு ஏதாவது என்றால் என்ன செய்வது? பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா என்றேன். மீட்டரை 0.12 ஏற்றித் திருத்தி, சர்டிபிகேட்டில் 'குறைத்துக் காட்டியது' என்று எழுதி, ஸ்டிக்கர் ஒட்டினேன். இங்கே எட்டு சதவீத பீர் காய்ச்சுகிறார்கள், எட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம். அதனால் கலால் அதிகாரிக்கும் ஒரு நகல் போகும். அவள் கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை வரவில்லை.

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். திண்டுக்கல் வந்தால் கம்பத்துக்கு நேர் பஸ் ஏழு மணிக்குத்தான் என்றார்கள். தேனியில் இறங்கி மாற முட்டி இடம் கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டீ. ஒருவர் பூட்டைக் குலுக்கிக் காட்டி விற்பதை முழுதும் வேடிக்கை பார்த்தேன்.

ஜூன் 11, புதன். கம்பம்

ஒயின் ஆலை. சிறியது, தோட்டத்துக்கு நடுவில். சொந்தக்காரர் சௌந்தரபாண்டியே ஒயின் செய்கிறார், அவரே லேபும் பார்க்கிறார். பன்னிரண்டு சதவீத ஸ்டாண்டர்டை விட்டேன். 12.00. துளி பிசகில்லை. இந்த ரவுண்டில் ஒழுங்காக மீட்டர் வைத்திருக்கிற ஆள் இவர்தான் என்று மனதாரப் பாராட்டினேன். படித்தவர்கள் வைத்திருக்கிற மீட்டர் தள்ளாடுகிறது, விவசாயி வைத்திருக்கிறது நிமிர்ந்து நிற்கிறது.

மரப் பீப்பாய்களில் ஒயின் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார். போன மாதம் நிரப்பினதுதானாம். ஏன் குறைகிறது என்று கேட்டேன்.

"அது எம்புட்டு இறுக்கி அடைச்சாலும் போகும்ங்கய்யா. மரத்து வழியா பறந்துரும். கண்ணுக்கா தெரியுது? மாசா மாசம் ரொப்பிக்கிட்டே இருக்கணும்."

நான் பெட்டியை மூடும்போது அருகில் வந்து மோந்து பார்த்தார். இந்த ஆளுக்கு மூக்கு நாய் மூக்கு. "பெட்டிக்குள்ள ஏதோ பறந்துக்கிட்டு இருக்கேய்யா" என்று சிரித்தார். துடைக்கிற துணியாக இருக்கும் என்றேன். ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்தார். பஸ்ஸில் தின்று தீர்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி. கோயம்புத்தூர்

தண்ணீர் சரி. ஸ்டாண்டர்ட் 4.80. இருபது புள்ளி. இந்த மாதம் எல்லா ஆலையும் சொல்லி வைத்துக்கொண்டு அலட்சியமாக இருக்கிறதா, என்ன? லேபில் இருந்தவர் கேள்வியே கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தானுங்க சார் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். இப்படி இருந்தால் வேலை சுலபம். திருத்தினேன். ஸ்டிக்கர்.

பாட்டிலில் இனி ஒரு இடத்துக்குப் போதாது. ஐந்து இடத்துக்கு ஊற்றியும் மீதி இருக்கும், எப்போதும். இந்த முறை தாராளமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 16, திங்கள். ஓசூர்

தண்ணீர் சரி. ரவுண்டு பாட்டிலில் இருந்ததில் ஒரு தடவைக்கு விட்டேன். 4.77. மூன்று தடவைக்கு அது பற்றாததால் சீல் பாட்டிலை உடைத்தேன். 5.00. 5.00. 5.00.

ஸ்டிக்கர் ஒட்டினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய். சென்னை

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.

ரவுண்டு முடிந்ததும் பாட்டிலை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை. அடியில் இரண்டு விரல்கடை மிச்சம் இருக்கிறது, துணி சுற்றி வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூன் 18, புதன்

ரிப்போர்ட் கொடுத்தேன். சுத்தமான ரிப்போர்ட் என்றார் மதுசூதனன் சார்.

மாலையில் ஜெசிந்தாவிடமிருந்து போன். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்களாம். என் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலால் அதிகாரி பழைய கணக்கைக் கிளறியிருக்கிறார். அவள் 7.9 என்று எழுதியதோடு என் பன்னிரண்டு புள்ளியைக் கூட்டினால் எட்டைத் தாண்டுகிறது. மூன்று மாதத்துச் சரக்கு அப்படி வெளியே போயிருக்கிறது. இப்போது மூன்று டேங்க்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மீட்டர் குறைத்துக் காட்டுவது தெரிந்தும் இந்தப் பெண்தான் மறைத்தாள் என்று ஆலை மேலாளர் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு ஊத்துன பாட்டில் எந்தத் தேதி உடைச்சது சார்? அத மட்டும் எழுத்துல கொடுங்க."

பார்த்துச் சொல்கிறேம்மா என்று வைத்துவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது? ஜூன் மூன்று. மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

முட்டிக்கு ஒத்தடம். லீவு.

ஜூன் 20, வெள்ளி

ஜெசிந்தாவிடமிருந்து இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லாததை இந்த நோட்டிலாவது சொல்லாவிட்டால் எதற்கு இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்?

4.99, 4.96, 4.88, 4.80, 4.77. எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். படிக்கட்டு இறங்குகிற மாதிரி இறங்குகிறது. ஐந்து ஆலை ஆட்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு இப்படி இறங்க மாட்டார்கள். இறங்கியது பாட்டில். மூடியில் கீறல் விழுந்தது, தகரத்தடியில் பரணில் வெந்தது, ஆல்கஹால் மட்டும் பறந்தது. கண்டக்டருக்குத் தெரிந்திருக்கிறது. சௌந்தரபாண்டி பெட்டியை மோந்து பார்த்துச் சொன்னார். ஒயின் பாட்டிலுக்கு மூடி நன்றாக இருந்தது, அது சரியாகக் காட்டியது. தண்ணீரில் பறந்துபோக ஆல்கஹாலே இல்லை, அதுவும் எல்லா இடத்திலும் சரியாகக் காட்டியது. எனக்கு மட்டும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், ஓசூரிலேயே தெரிந்துவிட்டது. அதே மீட்டரில் புது பாட்டில் 5.00 காட்டியது. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்தேன்.

யோக்கியமாக நின்ற மீட்டர்களைப் பிடித்துக் கோணலாக்கிவிட்டு வந்திருக்கிறேன். மூன்று ஆலை. அதில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, தண்ணீர் சரியாக இருக்கிறதே என்று கேட்டாள். அவளைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

மதுசூதனன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நல்லவர்தான், கத்தவில்லை.

புது சர்டிபிகேட் ஒன்று அனுப்பிவிடலாம் என்றார். அதில் பாட்டில் என்ற வார்த்தையே வேண்டாமாம். பாட்டில் என்று ஒரு ஆலைக்கு எழுதினால், எல்லா ரவுண்டையும், எல்லா ஆட்களையும், எல்லா வருஷத்தையும் தோண்டுவார்கள்.

"வோல்டேஜ் ஏறி இறங்கினதுல மெஷின் தடுமாறிடுச்சுன்னு போடுங்க. அந்த லேடி மேலயும் பழி இல்ல, நம்ம மேலயும் இல்ல. ஒண்ணாம் தேதி நீங்க இங்க வந்து உட்காருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சொன்ன வழி மோசமாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வரை அது நல்ல வழியாகவே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

வோல்டேஜ் என்று எழுதிப் பார்த்தேன். நாலு வரிதான். படித்துப் பார்த்தால் அவள் மீட்டர் தடுமாறியது என்றே இருக்கிறது. தடுமாறுகிற மீட்டரை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி அவளிடம்தான் போகும். உறை தைத்துப் போட்டு வைத்திருந்தாளே, அந்த மீட்டர். கிழித்துப் போட்டேன்.

சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். நாற்காலி போய்விடுமே என்று முதலில் கேட்பாள் என நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு வீட்ல என்ன பண்ணிக்கிட்டு இருக்கா?" என்றாள்.

தெரியாது என்றேன். வெள்ளிக்கிழமையிலிருந்து போனை எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் மறுபடி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 25, புதன்

கடிதம் கொடுத்துவிட்டேன். பாட்டில் என்று எழுதினேன். உடைத்த தேதி, மூடியில் கீறல், டேப், புது பாட்டில் கேட்டும் உடைக்காதது, எல்லாம். ரவுண்டு பாட்டில் வழக்கத்தை ஆரம்பித்தது யார் என்பதையும் எழுதினேன். நகல்கள் மூன்று ஆலைகளுக்கும் கலால் அதிகாரிக்கும் நானே அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் மதுசூதனன் சார் மேஜைக்குப் போனது, அவர் தடுத்துவிடக் கூடாதே என்று.

அவர் முழுதும் படித்தார். நாற்காலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீங்களே போய்த் திருத்திவிட்டு வாருங்கள் என்றார், அவ்வளவுதான். விசாரணை பிறகு இருக்கும்.

மாலை ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன், ஆலையில் இருக்க வேண்டும் என்றேன். சரி சார் என்றாள்.

ஜூன் 26, வியாழன்

மதியம் கிளம்புகிறேன். சுலோசனா அந்தப் புது டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் மாவடுவும் கட்டினாள். இது ஆபீஸுக்கு வாங்கியதாயிற்றே என்றேன். பஸ்ஸிலும் திறக்கும் என்றாள்.

பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும். புது பாட்டில் மூன்று, ஆலைக்கு ஒன்று. துணி சுற்றின பழைய பாட்டிலும்.

ஜூன் 27, வெள்ளி. மணப்பாறை ரோடு

ஆலை மேலாளர், கலால் அதிகாரி, ஜெசிந்தா. லேபில் ஒன்பது நாளாக யாரும் தூசி தட்டவில்லை. அவள் உள்ளே வந்ததும் முதலில் மீட்டரின் உறையைத் தேடினாள். தரையில் கிடந்தது. உதறி மடித்து வைத்தாள்.

புது பாட்டிலை அவள் கையிலேயே கொடுத்து, சீலை நீயே உடைம்மா என்றேன். உடைக்கும் முன் சீலை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூடியைத் தடவிப் பார்த்தாள். தேதியை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் இத்தனை வருஷம் ஒரு முறைகூடச் செய்யாத வேலை அது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

போன முறை நான் செய்த திருத்தத்தை முதலில் நீக்கினேன். தண்ணீர், சரி. புது பாட்டில், 5.00. மூன்று முறையும். பிறகு பழைய பாட்டிலைத் துணியிலிருந்து எடுத்து டேப்பைப் பிரித்தேன். அதிகாரியே கீறலை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தார். ஊற்றினேன். 4.71.

நான்தான் பேச வேண்டும். மீட்டரில் எப்போதும் தப்பில்லை, தப்பு என்னுடையது, இந்த அம்மா அன்றைக்கே சொன்னார்கள், நான் கேட்கவில்லை என்றேன். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வந்ததுதான்.

நிறுத்தி வைத்திருந்த மூன்று டேங்க்கிலும் மாதிரி எடுத்து வந்து பார்த்தோம். 7.90, 7.91, 7.88. அதிகாரி குறித்துக்கொண்டு போனார். மேலாளர் ஜெசிந்தாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, சரி, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள் என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

என் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். கெட்டியாக ஒட்டியிருந்தேன், வரவே மாட்டேன் என்றது. புது சர்டிபிகேட்டில் 'பிழையின் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தூசி, பராமரிப்புக் குறைவு, ஊழியர் கவனக்குறைவு என்று அதில் ஏதாவது எழுதி எழுதிக் கை பழகியிருக்கிறது. இன்று என் பெயரை எழுதினேன்.

கையெழுத்துக்காக அவள் நோட்டை நீட்டினாள். அன்றைக்கு நான் வாங்கிப் பார்க்காத அதே நோட்டு. ஜூன் ஒன்பதாம் தேதிக்கு நேரே சின்ன எழுத்தில் இருந்தது: 'தண்ணீர் சரி. பாட்டில் மேல் சந்தேகம். புதிது உடைக்கக் கேட்டேன். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.' கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு முறை எழுதவில்லை.

இந்த முறை வாசல் வரை வந்தாள். மன்னித்துவிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் அவள் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. வெகு நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அன்னைக்கு பஸ் கெடச்சுதா சார்?"

"கெடச்சுதும்மா" என்றேன்.

திண்டுக்கல்லில் இரண்டு மணி நேரம் பூட்டு விற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.